செங்கொடி அக்காவின் பெயின்ட் டப்பா

வடசென்னையைக் கடல் இன்னும் விழுங்காமல் இருப்பதற்குக் கரையில் கொட்டிய கருங்கல்தான் காரணம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். செங்கொடி அக்கா கையில் தென்னந்துடைப்பத்தோடு நிற்கிறார், அதைப் பார்த்துத்தான் கடல் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அக்கா இருக்கும் திசைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் நங்கூரம் இறக்கும். எண்ணூர்ப் பக்கத்துப் புகை அவர் துணி காயப்போடும் நாளில் திருவொற்றியூரோடு திரும்பிவிடும். அவர் ஒரு அதட்டல் போட்டால் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில்கூட நேரத்துக்கு வரும்.

கடைசியாகச் சொன்னது மட்டும் கொஞ்சம் ஓவர். மற்றதெல்லாம் சத்தியம் என்று அக்காவிடம் வளர்ந்த ஷாரிக் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வான்.

இப்பேர்ப்பட்ட செங்கொடி அக்கா பார்க்கும் வேலை, ஒரு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருக்கும் கட்டணக் கழிப்பறையைக் கவனித்துக்கொள்வது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே படுத்திருக்கிற பிள்ளைகளைத்தான் முதலில் துரத்துவார்கள்.

அக்கா பிறந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. அப்பாவுக்குப் பெரம்பூரில் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சங்கத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த ஜோரில் மகளுக்கு அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார். ஒன்பதாவது வரை படிப்பு. அப்புறம் காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை, ஐஸில் விரல் வெடித்து இரண்டு நகம் போனதுதான் மிச்சம். கட்டிக்கொண்டவர் கன்டெய்னர் லாரி ஓட்டினார். தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. "வண்டிய ஒழுங்கா அனுப்பி வெச்சாரே, அந்த நாணயம் போதும்" என்பார் அக்கா. பிறகு இந்தக் கழிப்பறை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஸ்டேஷனைச் சுற்றிப் பிள்ளைகள் எப்போதும் உண்டு. வீட்டில் அடி தாங்காமல் வந்தவன், அம்மாவோடு பிளாட்பாரத்திலேயே குடியிருப்பவள், எந்த ரயிலில் ஏறினோம் என்று தெரியாமலே இறங்கியவன். இவர்களுக்குச் சோறு போட ஆள் வரும். பெரிய இடத்துப் பிறந்தநாள் என்றால் கேக்கே வரும். ஒரே மாதத்தில் ஏழு கேக் வந்த கதையெல்லாம் உண்டு. ஆனால் கேக் தின்றவன் காலையில் எங்கே போவான் என்று கேக் கொண்டுவந்த ஒருத்தரும் கேட்டதில்லை. கழிப்பறைக்குள் போகக் காசு வேண்டும். காசில்லாமல் தண்டவாளத்து ஓரம் போனால் லத்தி வரும். அந்த வயிறு என்னதான் செய்யும்?

அக்கா பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் தங்கப்பாண்டி இதற்காக மாதம் ஒருமுறை கத்துவார். "ஓசியில உள்ள விட்டா இடம் நாறிப்போயிரும்லா?"

"வெளிய போனா மட்டும் பன்னீரா மணக்கும்?" என்பார் அக்கா. தங்கப்பாண்டி அதற்குப் பதில் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

ஷாரிக் அந்த வாசலுக்கு வந்தபோது பத்து வயது. தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டிலிருந்து ஓடிவந்தவன். ஒரு கையில் துணி, இன்னொரு கையில் சொல்யூஷன் டியூப். சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டுவார்களே, அந்தப் பசை. அதை மோந்தால் பசி தெரியாது, குளிர் தெரியாது, சித்தப்பா முகமும் கொஞ்ச நேரம் தெரியாது. திட்டு விழும் என்று தயாராகத்தான் நின்றான். திருப்பிச் சொல்ல நாலு கெட்ட வார்த்தைகளைக்கூட நாக்கில் எடுத்து வைத்திருந்தான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள போய் குளி. அத்த இங்க வெச்சிட்டுப் போ. குளிக்க ரெண்டு கையும் வேணும்."

ஒரு காலி பெயின்ட் டப்பாவை நகர்த்தினார். ஷாரிக் டியூபைப் போட்டான். பதிலுக்கு அக்கா ஒரு துண்டு சந்தன சோப்பைக் கையில் வைத்தார். முழு சோப்பை நூல் போட்டு எட்டாக அறுத்த துண்டு. அவன் குளித்துவிட்டு வந்ததும், "தோ, உன் பொருளு. எட்த்துக்க" என்றார். எடுத்து வைத்திருந்த நாலு வார்த்தையும் வீணாய்ப் போயிற்று.

ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கொடுத்து வாங்கிக்கொண்டு போனவன், ஒருநாள் வாங்கிக்கொள்ள மறந்து போய்விட்டான். மறுநாள் ஞாபகம் வந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டான். அந்த டப்பா நிறைந்தது எல்லாம் இப்படித்தான். ஒவ்வொருத்தனும் தன் டியூபில் அடையாளத்துக்கு ஒரு கந்தல் துணியைக் கட்டிப் போடுவான். கேட்டால் திரும்பக் கிடைக்கும். அக்கா மட்டும் டப்பாவுக்குள் கையே விடமாட்டார். "அது அவுனுங்க பொருளு. நான் தொட்டேன்னு வெச்சிக்க, நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

இப்போது ஷாரிக்குக்குப் பதினேழு. தண்டையார்பேட்டையில் நம்பர் பிளேட் எழுதும் கடையில் வேலை, ராத்திரி படுக்கையும் அங்கேயே. காலையில் குளிக்க மட்டும் இன்னும் அக்காவிடம்தான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் எழுத்துக்கு நிழல் கொடுப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. அந்தத் திமிரில் ஒருநாள் வீணாய்ப்போன தகடு ஒன்றில் மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பு எழுத்தில் இப்படி எழுதி, ஸ்டோர் ரூமில் டப்பாவுக்கு மேலே மாட்டிவிட்டான்:

செங்கொடி சொல்யூஷன் ஸ்டோர். மொத்தம் மற்றும் சில்லறை. கடன் கிடையாது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. "கழட்டிப் போட்றா, பேமானி" என்று அக்கா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டியூபைப் போடுவதால் அவரும் கழற்றவில்லை.

அந்த சோப்பு ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. சந்தன சோப்பு விலை ஜாஸ்தி, அதனால் டியூபைப் போடுகிறவனுக்கு மட்டும்தான். மோந்து பழகாத பிள்ளைகளுக்குத் துணி சோப்பு. இந்த அநியாயத்தைக் கண்டுபிடித்தவன் முபாஷிர். வயது ஏழு, முன்பல் இரண்டும் கிடையாது, அம்மாவோடு மேம்பாலத்துக்கு அடியில் ஜாகை. ஒருநாள் ஷாரிக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்.

"அண்ணா, சொல்யூஷன் எப்டி மோக்கறது?"

"இன்னாத்துக்குடா உனக்கு?"

"மோக்கறான்ல ஜெயவேலு, அவன் மேல மணக்குது. என் மேல துணி வாசன வருது. நானும் ரெண்டு நாளு மோந்து பழகிக்கினா அக்கா எனக்கும் மணக்குற சோப்பு குடுக்கும்ல?"

ஷாரிக் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினான். பிறகு சைக்கிள் கடைக்குப் போய் ஒரு புது டியூபை வாங்கினான். மூடியைத் திறக்காமல், தன் நம்பர் பிளேட் கடையில் மிச்சமிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பட்டையாக வெட்டி அதன் மேல் சுற்றி, முபாஷிரிடம் கொடுத்தான். "இத்த தொறக்காத. அப்டியே டப்பால போடு. நான் குடுத்தேன்னு யார்னா கேட்டாலும் சொல்லாத. சொன்னா மூணாவது பல்லும் வுழும்."

முபாஷிர் போட்டான். சந்தன சோப்பு கிடைத்தது. அன்றைக்கு முழுவதும் கையை மோந்துகொண்டே திரிந்தான்.

அக்கா என்ன நினைத்திருப்பார் என்று ஷாரிக் யோசிக்கவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை டப்பாவில் டியூப் போட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? அன்றைக்கு மத்தியானச் சோற்றை அக்கா அப்படியே நாய்க்கு வைத்தார். அடுத்த நாளிலிருந்து முபாஷிர் வந்ததும் முதலில் வாயை மோந்து பார்ப்பார், கண் ரப்பையை இழுத்துப் பார்ப்பார், யார் கொடுத்தது என்று கேட்பார். முபாஷிர் பல்லுக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று ஷாரிக் மூன்று தடவை வாசல் வரை போனான். சொன்னால் ஸ்டேஷன் பூராவும் பாசமலர் என்று ஓட்டுவார்கள். திரும்பிவிட்டான்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட முப்பது பேர் ஸ்டேஷனைச் சுத்தம் செய்ய வந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே அக்கா கூட்டிவிட்டதால் வாசலில் குப்பை இல்லை. போட்டோவுக்குப் போதாது என்று எங்கிருந்தோ ஒரு மூட்டை காய்ந்த இலையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பெருக்கினார்கள். பிளாட்பாரம் முனையில் ஜெயவேல் மூக்கில் துணியோடு சுருண்டு கிடந்தான். "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ, பின்னாடி தெரியுற" என்று ஒருவர் சொன்னார். பதினான்கு வயதுப் பையன் விஷத்தை மூச்சாக இழுத்துக்கொண்டு கிடக்கிறான், அவர்களுக்கு வந்த கவலை அவன் படத்தில் தெரிகிறான் என்பது.

அவர்களில் ஒருவர் கை கழுவ வந்தவர், திறந்திருந்த ஸ்டோர் ரூமில் போர்டையும் டப்பாவையும் பார்த்தார். பிறகென்ன, சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அக்காவின் முகம். குழந்தைகளுக்குப் போதை விற்கும் பெண், எல்லோருக்கும் பகிருங்கள் என்று கீழே எழுத்து. ஜெயவேலை எந்தப் படத்திலும் காணோம்.

இருட்டுவதற்குள் தங்கப்பாண்டி வந்து ஸ்டோர் ரூமைப் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் ஒட்டி சீல் வைத்தார். வியாழக்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து மேடம் வந்து விசாரிப்பார். உண்மை என்று தெரிந்தால் வேலை போகும், போலீஸ் கேஸும் வரும்.

அந்த ஸ்டோர் ரூமுக்குள் இருந்தவை பினாயிலும் துடைப்பமும் டப்பாவும் மட்டுமல்ல. பள்ளிக்கூடம் போகிற ஒன்பது பிள்ளைகளின் யூனிஃபார்மும் புத்தகப் பையும் அங்கேதான் ஆணியில் தொங்கின. பிளாட்பாரத்தில் வைத்தால் திருட்டுப் போகும், மழையில் நனையும் என்று அக்கா வாங்கி வைத்திருந்தவை.

"அந்தத் துணியையாவது குட்த்துடு சார், புள்ளைங்க இஸ்கூலுக்குப் போவணும்" என்று அக்கா கேட்டார்.

"எல்லாம் சாட்சிப் பொருள்" என்றார் தங்கப்பாண்டி.

ஒன்பது கால்சட்டை, பாவாடை சாட்சிப் பொருளாம். என்ன சாட்சி சொல்லும் அது? திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஒன்பது பேரும் கந்தலோடு வகுப்புக்குப் போகக் கூச்சப்பட்டு, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். படிக்கிற பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் செய்த முதல் காரியம், படிப்பைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது.

ஷாரிக்குக்கு அந்த நாலு நாளும் தூக்கம் இல்லை. போர்டு எழுதியவன் நான் என்று சொல்லிவிட்டால் போர்டு விவகாரம் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய வில்லங்கம் டப்பாவுக்குள் கிடந்தது. மூடி திறக்காத, முழுசான, புத்தம் புது டியூப். விற்கிறவளிடம் இருக்கிற மாதிரியே ஒன்று. சீலை உடைத்து எடுத்துவிடலாமா என்று பூட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்தான். உடைத்தால் அந்தப் பழியும் அக்கா தலையில்தான் விழும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆன்சி மேடம் வந்தார். கையில் ஃபைல், மூக்கில் கைக்குட்டை. கழிப்பறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பிள்ளைகள் சுவர் ஓரம் வரிசையாக உட்கார்ந்தன. தங்கப்பாண்டி சீலைப் பிரித்து, போர்டையும் டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார்.

"இந்த போர்டை யார் எழுதினது?" என்று கேட்டார் மேடம்.

ஷாரிக் மாரை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "நான்தான் மேடம். எழுத்தப் பாருங்க, இந்த ஏரியாவுல இப்டி நெழலு குடுக்க வேற யாரு கீறா?"

"எதுக்கு எழுதின?"

"தமாசுக்கு. புள்ளைங்க சிரிக்கும்னு."

"சிரிச்சாங்களா?"

"நல்லா சிரிச்சாங்க மேடம்."

"ஒருத்தங்க வேலை போற அளவுக்குச் சிரிச்சிருக்கீங்க" என்றார் மேடம். ஷாரிக்கின் மார் கொஞ்சம் உள்ளே போனது.

மேடம் அக்காவிடம் திரும்பினார். "போர்டு விளையாட்டுன்னே வச்சுக்குவோம். இவ்வளவு டியூப் எதுக்கு வச்சிருக்கீங்க? தூக்கி எறிய வேண்டியதுதானே?"

"எறிஞ்சிட்டா அவன் பொருள நான் புடுங்கிக்கினேன்னு ஆயிடும் மேடம். அப்பால அந்தப் பையன் இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க மாட்டான். வெச்சிருந்தா வருவான். வந்தா குளிப்பான். குளிக்கற நேரமாச்சும் மூக்குல ஒண்ணும் இருக்காது. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

"நீங்க விக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

அக்காவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "டப்பாவக் கொட்டிப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் பல்லு தடம் கீது. புள்ளைங்க வாயால கடிச்சித்தான் தொறக்கும். எல்லாம் பாதி பிதுக்கினது, காஞ்சி போனது. விக்கறவ எச்சிய விப்பாளா? இதுல ஒண்ணே ஒண்ணு புதுசு காட்டுங்க, நானே வண்டில ஏறிக்கினு வரேன்."

"அக்கா, அத்த சொல்லாத" என்று ஷாரிக் வாய் தவறிச் சொல்லிவிட்டான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

தங்கப்பாண்டி டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். நசுங்கியவை, காய்ந்தவை, பல் பட்டவை, சிவப்புத் துணி, நீலத் துணி, ரிப்பன். மேடம் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அக்கா சொன்னது சரி என்று அவர் தலை மெதுவாக ஆட ஆரம்பித்த நேரத்தில், தங்கப்பாண்டி குவியலுக்குள் விரலை விட்டு ஒன்றை உருவினார்.

"இது என்னன்னு கேளுங்க மேடம். சீலே உடைக்கல."

மஞ்சள் ஸ்டிக்கர் சுற்றிய புது டியூப். சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த முபாஷிர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அக்கா அவனைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். எழுந்து போய் முபாஷிர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். 

"இதான் நீ போட்டதா?"

தலையை ஆட்டினான்.

"தொறக்கவே இல்லியா? ஒரு வாட்டி கூட மோக்கலியா?"

"இல்லக்கா. சோப்புக்குத்தான் போட்டேன்."

அக்கா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. "ரெண்டு வாரமா என் உசுர எட்த்தியேடா" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார், உடனே தடவியும் கொடுத்தார். தன்னை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய ஒரே சாட்சி கிடைத்துவிட்டதே என்கிற எண்ணமே அந்த முகத்தில் இல்லை.

ஆன்சி மேடம் ஃபைலை மூடினார். "சார், யூனிஃபார்மையெல்லாம் எடுத்துக் குடுங்க. முதல்ல அதைச் செய்யுங்க."

"மேடம், இந்தப் புது டியூப்..."

"விக்கிறவங்க இப்படி அழமாட்டாங்க, தங்கப்பாண்டி சார். குடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா டப்பாவை நான் எடுத்துட்டுப் போயாகணும். குழந்தைகள் பொருள் எதை வைக்கிறதா இருந்தாலும் இனிமே எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். என் கையில இருக்கிறது அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வேலை தப்பியது, கேஸ் இல்லை, ஒன்பது பேரும் யூனிஃபார்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வாட்ஸ்அப்பில் அக்காவின் முகம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது பொய் என்று ஒரு டீ-ஷர்ட்டும் எழுதவில்லை. அவர்கள் கொட்டிய இலையில் பாதியை அக்காதான் கூட்டி அள்ளினார். டப்பா போன விஷயம் தெரியாமல் நாளைக்கு ஒரு பையன் தன் பொருளைக் கேட்டு வந்து நிற்பான். அவனுக்கு என்ன பதில் என்று எந்த ஃபைலிலும் எழுதவில்லை.

மேடமும் தங்கப்பாண்டியும் போன பிறகு, அக்கா அந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு ஷாரிக்கைக் கூப்பிட்டார். டியூப் போனாலும் அதை மட்டும் உரித்து வைத்திருந்தார்.

"இது யாரு வேல?"

"எனக்கின்னா தெரியும்? எவனோ ஒரு கேனப்பய."

"நம்பர் பிளேட்டு ஸ்டிக்கரு. ஓரம் கோடு போட்டா மாதிரி வெட்டிக்கீது."

ஷாரிக் கொஞ்சம் யோசித்தான். "சரி, நான்தான். எனக்கு மோக்கறதுக்கு வாங்கினேன். அப்பால மனசு மாறி அவன்கிட்ட குட்த்து அனுப்பினேன். நான் திருந்தாத ஜென்மம்கா, என்னைய வுட்டுடு."

"ஏழு வருசமா நீ மோக்கலன்னு எனக்குத் தெரியும். மோந்தவன் கை இவ்ளோ நேரா வெட்டாது." அக்கா ஸ்டிக்கரை மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். "போர்டு எழுதினவன் யாருன்னு கேட்டப்போ மார நிமித்திக்கினு வந்த. சின்னப் புள்ளைக்கு சோப்பு வாங்கிக் குட்த்தத கேட்டா பொய் சொல்ற. வெக்கம் எதுக்குடா படறதுன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலியா? போனது போவட்டும். நாளையிலேர்ந்து எல்லாருக்கும் சந்தன சோப்புதான். மோக்கறவன், மோக்காதவன் எல்லாருக்கும். எட்டா அறுக்கறத பதினாறா அறுத்துக்கறேன்."

ஷாரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைத் தோளில் கண்ணைத் தேய்த்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. இங்க பினாயில் நெடி ஜாஸ்தி. கண்ணு எரியுது."

அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

"பினாயில் நாலு நாளா பூட்டுக்குள்ள இருந்துச்சு. இன்னும் ஒரு சொட்டு ஊத்தல."